தில்லியில் பூக்கிழங்கு நடவு: மண் தயாரிப்பு முதல் கிழங்கு எடுத்து வைப்பது வரை, அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஆர்.கே.புரம், மயூர் விஹார், ஜனக்புரி, துவாரகா என்று தில்லியில் எங்கே குடியிருந்தாலும் நம்மவர்கள் வீட்டில் துளசிக்கு ஒரு தொட்டி, கறிவேப்பிலைக்கு ஒரு தொட்டி கட்டாயம் இருக்கும். குளிர்காலப் பூக்கிழங்கு, அதாவது நர்கிஸ், டியூலிப் மாதிரிப் பூச்செடிகள் முளைக்கும் கிழங்கு, என்றால் மட்டும் கை தயங்குகிறது. ஊரில் பழக்கமில்லாத பயிர், காசு கொடுத்து வாங்கியது அழுகிப் போய்விடுமோ என்ற பயம். அந்தப் பயம் நியாயமானதுதான். ஆனால் அழுகுவதற்குக் காரணம் பெரும்பாலும் கிழங்கு அல்ல, அது படுத்திருக்கும் மண். இந்த வருஷம் பூப்பதற்கான மொட்டையும் சாப்பாட்டையும் கிழங்கு தனக்குள்ளேயே வைத்திருக்கிறது. நாம் கொடுக்க வேண்டியது தண்ணீர் தேங்காத, காற்று புகும் இடம். அதனால்தான் கீழே மண்ணைப் பற்றிய பதில்கள் நீளமாகவும் மற்றவை சுருக்கமாகவும் இருக்கின்றன. நட வேண்டிய மாதம் ஐப்பசி.

ஐப்பசியில் நட வேண்டும் என்கிறீர்கள். ஐப்பசி அடைமழைக் காலம் அல்லவா?

ஊரில் அப்படித்தான். இங்கே தலைகீழ். தில்லிக்கு மழை கொடுப்பது தென்மேற்குப் பருவக்காற்று. செப்டம்பர் கடைசி வாரத்தில் அது விலகிவிடும். அக்டோபரில் மழை அபூர்வம், மண் மெல்லக் காய ஆரம்பிக்கும். பகலில் வெயில் இன்னும் 30 டிகிரியைத் தாண்டினாலும், இரவு வெப்பம் அக்டோபர் பாதியில் 20க்குக் கீழே இறங்கும். நவம்பரில் 13 அளவுக்கும், டிசம்பரில் 8 அளவுக்கும் வந்துவிடும். குளிர்ந்த மண்ணில்தான் இந்தக் கிழங்குகள் வேர் விடும்.

மறுமுனையையும் பார்க்க வேண்டும். மார்ச் கடைசியில் வெயில் ஏறியதும் இந்தப் பூக்களின் கதை முடிந்துவிடும். ஆக, வேர் விட, இலை விட, பூக்க எல்லாவற்றுக்குமாக ஐந்து மாதம்தான். நடவு தள்ளிப்போகும் ஒவ்வொரு வாரமும் பூக்கும் நாட்களில் கழியும். நான் சொல்லும் கணக்கு இதுதான்: புரட்டாசியில் மண் வேலை, ஐப்பசியில் நடவு, கார்த்திகை முதல் வாரத்தோடு நிறுத்தம். மார்கழியில் இலை, தை கடைசியிலிருந்து மாசி முழுக்கப் பூ.

எந்தக் கிழங்குகள் தில்லிக்கு ஒத்துவரும்?

முதல் முறை நடுபவர்கள் நார்சிசஸில் ஆரம்பிக்கட்டும். இங்கே நர்கிஸ் என்று கேட்டால் கிடைக்கும். ஒரே தண்டில் கொத்தாகச் சின்ன வெள்ளைப் பூ விடும் வகையை வாங்குங்கள். அதற்குக் கடுங்குளிர் தேவையில்லை, வாசனையும் உண்டு. படங்களில் பார்க்கும் பெரிய மஞ்சள் டாஃபடில் நல்ல குளிர் கேட்கும் பயிர். தில்லிச் சமவெளியில் இலையோடு நின்றுவிடுவது அதிகம்.

அடுத்து கிளாடியோலஸ். கிட்டத்தட்ட மூன்று மாதத்தில் பூக்கும், ஏமாற்றாது. செப்டம்பர் கடைசியிலிருந்து நவம்பர் வரை பதினைந்து நாளுக்கு ஒரு தடவையாகப் பிரித்து நட்டால், டிசம்பர் கடைசியில் ஆரம்பித்துத் தொடர்ந்து பூ பார்க்கலாம். ஃப்ரீசியா சிறிய செடி, வாசனைக்காகவே வளர்க்க வேண்டியது. ரனங்குலஸும் அனிமோனும் நிறத்துக்கு. இந்த இரண்டும் சூடான மண்ணில் சீக்கிரம் அழுகும் என்பதால் நவம்பர் பிறந்த பிறகு நட்டால் போதும். இக்சியா, ஸ்பராக்சிஸ், டச்சு ஐரிஸ் ஆகியவையும் வரும். டேலியாவைக் கிழங்காக வாங்குவதைவிட, செப்டம்பர், அக்டோபரில் நர்சரிகளில் கிடைக்கும் வேர் பிடித்த நாற்றாக வாங்குவது மேல்.

டியூலிப்? பிப்ரவரியில் சாந்தி பத்தில் வரிசை வரிசையாகப் பூக்கிறதே?

பூக்கிறது, பார்க்கவும் அருமையாக இருக்கிறது. ஆனால் அங்கே புது தில்லி மாநகராட்சிக் குழு நடுவது நெதர்லாந்திலிருந்து இறக்குமதியாகும், ஏற்கெனவே குளிரூட்டப்பட்ட கிழங்கு. டிசம்பரில் நட்டு, பிப்ரவரியில் சில வாரம் பூத்ததோடு அதன் வேலை முடிந்தது.

டியூலிப் மத்திய ஆசிய மலைகளின் செடி. கிழங்குக்குள் இருக்கும் பூத்தண்டு நீள வேண்டுமானால், ஏறத்தாழ 12 முதல் 16 வாரம் 9 டிகிரிக்குக் கீழே தொடர்ந்து குளிர் பட வேண்டும். தில்லியில் ஜனவரி இரவு 7 டிகிரி வந்தாலும் பகலில் 20ஐத் தொடும், மண்ணுக்குள் அந்தத் தொடர் குளிர் நிற்காது. ஸ்ரீநகரில் ஜபர்வான் மலையடிவாரத்தில் 2007இல் திறந்த டியூலிப் தோட்டத்துக்கு அந்தக் குளிரை மலையே கொடுக்கிறது. அதனால்தான் அங்கே மார்ச் கடைசி, ஏப்ரலில் பூக்கிறது.

ஆசை விடவில்லை என்றால் வழி இருக்கிறது. செப்டம்பர் பாதிக்குள் கிழங்கு கிடைத்தால் காகிதப் பையில் போட்டு ஃப்ரிட்ஜின் காய்கறிப் பெட்டியில் 12 வாரம் வையுங்கள். ஃப்ரீசரில் வைக்காதீர்கள். பக்கத்தில் ஆப்பிள், வாழைப்பழம் எதுவும் கூடாது. பழுக்கும் பழம் விடும் எத்திலீன் வாயு கிழங்குக்குள் இருக்கும் மொட்டைக் கொன்றுவிடும், வெளியே பார்த்தால் ஒன்றும் தெரியாது. டிசம்பர் முதல் பாதியில் எடுத்துக் குளிர்ச்சியான நேரத்தில் நடுங்கள். குளிரூட்டியது என்று சொல்லி விற்பதை வாங்கினால் காத்திருக்காமல் அந்த டிசம்பரிலேயே நட்டுவிடுங்கள். எப்படிச் செய்தாலும் இது ஒரு வருஷப் பூ. அதே காசுக்கு நர்கிஸ் வாங்கினால் அடுத்த வருஷமும் மிஞ்சும்.

இணையத்தில் ‘டியூலிப் விதை’ என்று விற்பதை வாங்கவே வாங்காதீர்கள். விதையிலிருந்து வரும் டியூலிப் பூக்க ஐந்தாறு வருஷம் பிடிக்கும், அதுவும் குளிர்நாட்டில்.

கிழங்கு வாங்கும்போது எதைப் பார்க்க வேண்டும்?

எடையை. கையில் எடுத்தால் அளவுக்குத் தகுந்த கனம் இருக்க வேண்டும், கட்டைவிரலால் அழுத்தினால் அமுங்கக் கூடாது. அடிப்பகுதி, அதாவது வேர் வரும் தட்டு, காயாமலும் கறுக்காமலும் இருக்க வேண்டும். பச்சை, நீலப் பூஞ்சை அடர்ந்து படர்ந்திருந்தால் விட்டுவிடுங்கள். கிளாடியோலஸ் 4 சென்டிமீட்டர் குறுக்களவுக்குக் குறைந்தால் பூ சிறுத்துவிடும். ரனங்குலஸ் மட்டும் விதிவிலக்கு. காய்ந்து சுருங்கிய நண்டுக்கால் மாதிரி இருக்கும், அதுதான் அதன் இயல்பு.

எங்கள் மண் எப்படிப்பட்டது என்று எப்படித் தெரிந்துகொள்வது?

தில்லியில் ஒரே மண் கிடையாது. யமுனைக்கு அருகே, மயூர் விஹார் பக்கம், ஆறு கொண்டுவந்து படிய வைத்த வண்டல். பார்க்க மென்மையாக இருக்கும், ஆனால் தண்ணீர் ஊற்றிக் காய்ந்ததும் மேலே அப்பளமாக இறுகி வெடிக்கும். ஆற்றைவிட்டு விலகிய பழைய வண்டலில் ஒரு முழம் தோண்டினால் கங்கர் என்னும் சுண்ணாம்புக் கட்டிகள் வரும். ஆர்.கே.புரம், வசந்த் விஹார் மாதிரி அரவல்லி மேட்டுப் பக்கத்தில் பாறையும் மணலும் கலந்த மண், தண்ணீர் நிற்காது, சத்தும் நிற்காது. பொதுவாக எல்லாமே காரத்தன்மை உள்ளவை. கார அமில நிலை 7.5 முதல் 8.5 வரை இருக்கும்.

வீட்டிலேயே செய்யக்கூடிய சோதனை ஒன்று போதும். ஒரு அடி ஆழம், ஒரு அடி அகலத்துக்குக் குழி தோண்டித் தண்ணீர் நிரப்புங்கள். அது வடிந்ததும் மறுபடி நிரப்பி ஒரு குச்சியில் மட்டத்தைக் குறித்துக்கொண்டு, ஒரு மணி நேரம் கழித்துப் பாருங்கள். இரண்டு மூன்று சென்டிமீட்டராவது இறங்கியிருந்தால் கிழங்கு நடலாம். மறுநாள் காலையிலும் குழியில் தண்ணீர் நின்றால், அந்த இடத்தில் தரைமட்டத்தில் எதையும் நடாதீர்கள். மேட்டுப்பாத்திதான் வழி.

ஆய்வகத்தில் பார்க்க வேண்டும் என்றால் நஜஃப்கர் பக்கம் உஜ்வாவில் வேளாண் அறிவியல் நிலையம் இருக்கிறது, பூசா வளாகத்தில் இந்திய வேளாண் ஆராய்ச்சி நிறுவனம் இருக்கிறது. தோட்டத்தில் ஐந்து இடத்தில் அரை அடி ஆழத்திலிருந்து மண் எடுத்து, கலந்து, நிழலில் உலர்த்தி அரைக் கிலோ கொண்டு போங்கள். முக்கியமாக உப்பின் அளவைக் கேளுங்கள். நஜஃப்கர், துவாரகா பகுதிகளில் நிலத்தடி நீர் உப்பு. வருஷக்கணக்காக போர் தண்ணீர் பாய்ச்சிய தோட்டங்களில் அந்த உப்பு மண்ணிலும் ஏறியிருக்கும். மண் காய்ந்ததும் மேலே வெள்ளைப் படலம் பூத்தால் அதுதான் அறிகுறி.

தோண்டினால் செங்கல் துண்டும் சிமென்ட் கட்டியுமாக வருகிறது. என்ன செய்வது?

அடுக்குமாடி வளாகங்களில் இது சகஜம். கட்டடம் முடித்தவர்கள் மலபாவை, அதாவது கட்டடக் கழிவை, தோட்டத்திலேயே பரப்பி, அதன்மேல் அரை அடி மண் போட்டுவிட்டுப் போயிருப்பார்கள். கல், செங்கல் இருந்தால் வேர் சுற்றிக்கொண்டு போகும், அதனால் பெரிய கெடுதல் இல்லை. சிமென்டும் சுண்ணாம்புக் காரையும்தான் ஆபத்து, ஏற்கெனவே காரமான மண்ணை மேலும் காரமாக்கும். ஒரு அடி ஆழம் வரை பொறுக்கி எடுத்துவிடுங்கள். அதற்கும் கீழே மலபாதான் இருக்கிறது என்றால் அதோடு போராட வேண்டாம், மேலே பாத்தி கட்டிவிடுங்கள்.

இதை ஈடுகட்டுவதற்காக டிராக்டரில் வந்து இறங்கும் ‘தோட்ட மண்’ணையும் கண்ணை மூடிக்கொண்டு வாங்காதீர்கள். நிறைய இடங்களில் அது அடித்தளம் தோண்டும்போது பத்தடி ஆழத்திலிருந்து வந்த மண். வெளிறிய நிறம், கங்கர் கட்டி, ஒரு புழு இருக்காது, ஒரு வேர்த்துண்டு இருக்காது. அதில் எருவை எவ்வளவு கொட்டினாலும் முதல் வருஷம் பலன் குறைவு.

சரி, மண்ணைத் தயார் செய்யும் முறையைச் சொல்லுங்கள்.

மழை நின்று, மண்ணை உள்ளங்கையில் பிடித்தால் உருண்டையாகி, விரலால் தட்டினால் உதிரும் பதம் வந்ததும் ஆரம்பியுங்கள். ஈரமாக இருக்கும்போது வெட்டினால் கட்டி கட்டியாகி, காய்ந்ததும் ஓடாகிவிடும். நவராத்திரி சமயத்தில் பெரும்பாலும் இந்தப் பதம் அமையும்.

ஒரு அடி ஆழத்துக்கு மண்வெட்டியால் கொத்திப் புரட்டுங்கள். மாலி (தோட்டக்காரர்) வைத்திருக்கும் குர்ப்பி என்னும் கைக்கொத்து நான்கு விரல் ஆழத்தைத்தான் கிளறும், கிழங்கு உட்காரும் இடத்துக்குக் கீழே கெட்டித்தரை அப்படியே இருக்கும். தண்ணீர் தேங்குவது அங்கேதான். மாலி மேலாகக் கிளறிவிட்டு ‘ஹோ கயா’ (முடிந்தது) என்றால், பக்கத்தில் நின்று இன்னொரு தடவை கொத்தச் சொல்லுங்கள். இந்த ஒரு வேலையில் சிக்கனம் பார்த்தால் மற்ற எதுவும் உதவாது.

புரட்டும்போதே கோரைக் கிழங்குகளைக் கண்ணில் பட்டவரை பொறுக்குங்கள். தலையை மட்டும் கிள்ளினால் கோரை இரண்டு மடங்காக வரும். பிறகு ஒரு வாரம் பத்து நாள் வெயில் படவிடுங்கள். மண்ணில் இருக்கும் வெண்புழுக்களை மைனாக்கள் வந்து எடுத்துவிடும்.

அடுத்து எரு. சதுர மீட்டருக்கு 4 முதல் 5 கிலோ மக்கிய எரு. நர்சரியில் ‘புரானி கோபர் காத்’ (பழைய சாண எரு) என்று அழுத்திக் கேளுங்கள், ‘பத்தே கி காத்’ என்ற இலை மக்கு கிடைத்தால் இன்னும் நல்லது. கறுத்து, உதிரியாக, மழை பெய்த மண் வாசனை அடிக்க வேண்டும். சாண வாடை வந்தால் அது பச்சை எரு. பச்சை எரு கரையானை இழுக்கும், கிழங்கைத் தொட்டால் அழுக வைக்கும். வேப்பம் பிண்ணாக்கு சதுர மீட்டருக்கு 100 கிராம் சேருங்கள். டிரைக்கோடெர்மா (நன்மை செய்யும் பூஞ்சை) பொடி கிடைத்தால் எரு ஒரு கிலோவுக்கு 10 கிராம் கலந்து, லேசாக ஈரப்படுத்தி, ஒரு வாரம் நிழலில் மூடி வைத்துவிட்டுப் பிறகு போடுங்கள். கிளாடியோலஸில் வரும் கிழங்கழுகலுக்கு இது நல்ல காப்பு.

களிமண்ணாக இருந்தால் மணல் சேர்க்கலாமா என்று கேட்பார்கள். கொஞ்சமாகச் சேர்த்தால் இன்னும் இறுகும். சேர்ப்பதானால் மொத்த மண்ணில் மூன்றில் ஒரு பங்காவது பருமணல் வேண்டும், கட்டடக் கடைகளில் பதர்பூர் என்று விற்கும் சிவந்த பருமணல் மாதிரி. மெல்லிய யமுனை மணல் இதற்கு உதவாது. அவ்வளவு மணல் வாங்குவதற்குப் பதில் எருவை அதிகமாக்கி, பாத்தியை அரை அடிக்குமேல் உயர்த்திக் கட்டுவது எனக்குப் புத்திசாலித்தனமாகப் படுகிறது.

எல்லாம் கலந்து, சமப்படுத்தி, ஒரு தடவை தண்ணீர் விட்டு, இரண்டு வாரம் அப்படியே விடுங்கள். மண் அமர்ந்துவிடும், முளைக்க வேண்டிய களையும் முளைத்துவிடும். களையைக் கிள்ளி எறிந்துவிட்டு நட ஆரம்பிக்கலாம்.

எலும்புத்தூள் போட வேண்டும் என்று நர்சரியில் சொல்கிறார்கள். வீட்டில் அம்மாவுக்கு அது பிடிக்காது.

அம்மா சொல்வதைக் கேட்பதில் நஷ்டமே இல்லை. எலும்புத்தூளில் இருக்கும் மணிச்சத்து (பாஸ்பரஸ்) அமில மண்ணில்தான் கரைந்து வேருக்குக் கிடைக்கும். நம் காரமண்ணில் அது பெரும்பாலும் கிடந்தபடி கிடக்கும். எறும்பும் நாயும் தேடி வந்து தோண்டுவதுதான் மிச்சம். சூப்பர் பாஸ்பேட் சதுர மீட்டருக்கு 40 கிராம் போட்டு, கிழங்கு உட்காரும் ஆழத்தில் கலந்துவிடுங்கள். மேலே தூவினால் மணிச்சத்து கீழே இறங்காது.

அடுப்புச் சாம்பல், காபித்தூள்?

சாம்பல் வேண்டாம். ஊரில் சிவப்பு மண்ணுக்கு அது நல்ல மருந்தாக இருந்திருக்கும், இங்கே காரத்தை ஏற்றும். சுண்ணாம்பும் அதே. டிகாக்ஷன் இறக்கிய காபித்தூளை நேரடியாகப் பாத்தியில் கொட்டாமல் மக்குத் தொட்டியில் சேருங்கள். வடிகட்டிய டீத்தூளும் அங்கேதான் போக வேண்டும், சர்க்கரை போகக் கழுவிய பிறகு.

ஆர்.ஓ. மெஷினிலிருந்து வெளியேறும் தண்ணீரை ஊற்றலாமா?

தயவுசெய்து கிழங்குகளுக்கு ஊற்றாதீர்கள். வீணாகிறதே என்ற மனசு புரிகிறது, எனக்கும் தண்ணீர் வீணானால் பொறுக்காது. ஆனால் நாம் குடிக்கும் தண்ணீரிலிருந்து பிரித்த உப்பெல்லாம் அடர்த்தியாகச் சேர்ந்திருப்பது அந்தக் கழிவு நீரில்தான். ஒரு குளிர்காலம் ஊற்றினாலே தொட்டி ஓரத்தில் வெள்ளை பூக்கும், இலை நுனி கருகும். அதை வீடு துடைக்கவும் கழிப்பறைக்கும் வைத்துக்கொள்ளுங்கள். குழாய்த் தண்ணீர் போதும். இந்தப் பயிர்களுக்கு அது அதிகம் செலவாகவும் செய்யாது.

எவ்வளவு ஆழம்? எந்தப் பக்கம் மேலே?

கிழங்கின் உயரத்தைப் போல் இரண்டு முதல் மூன்று மடங்கு ஆழம் என்பது பொதுக் கணக்கு. மணல் மண்ணில் மூன்று மடங்கு, களிப்பாங்கான மண்ணில் இரண்டு. நர்கிஸ் 10 முதல் 15 சென்டிமீட்டர் ஆழத்தில், கூர்முனை மேலே. கிளாடியோலஸ் தட்டையான பக்கம் கீழே, 8 முதல் 10 சென்டிமீட்டர் ஆழம், ஒன்றுக்கொன்று ஒரு சாண் இடைவெளி. ஆழம் குறைந்தால் பூ வரும்போது சாயும். ஃப்ரீசியா, இக்சியா, ஸ்பராக்சிஸ் 5 சென்டிமீட்டர் போதும். நெருக்கமாக நட்டால் ஒன்றையொன்று தாங்கி நிற்கும்.

ரனங்குலஸையும் அனிமோனையும் நடுவதற்கு முன் மூன்று நான்கு மணி நேரம் தண்ணீரில் ஊற வையுங்கள். ராத்திரி முழுக்க ஊற வைத்தால் கூழாகிவிடும். ரனங்குலஸின் கால்கள் கீழ்நோக்கி இருக்க வேண்டும். அனிமோனில் மேல் எது கீழ் எது என்று தெரியாவிட்டால் பக்கவாட்டில் படுக்க வையுங்கள், முளை வழி கண்டுபிடித்து வந்துவிடும்.

பால்கனி மட்டும்தான் இருக்கிறது.

தெற்குப் பார்த்ததா என்று முதலில் பாருங்கள். தில்லியில் டிசம்பர் நடுப்பகலிலும் சூரியன் தெற்கு வானில் தாழ்வாகத்தான் நிற்கும், ஏறக்குறைய 38 டிகிரி உயரம். சென்னையில் அதே நாளில் 53 டிகிரி. இதனால் தில்லியில் தென்பார்த்த பால்கனிக்குள் குளிர்கால வெயில் சுவர் வரை வந்து விழும், வடபார்த்த பால்கனிக்கு நவம்பரிலிருந்து ஜனவரி வரை நேர்வெயிலே கிடையாது. வடக்குப் பால்கனிக்காரர்கள் மொட்டைமாடியில் இடம் கேட்டு வாங்குவது நல்லது. குறைந்தது ஐந்து மணி நேர வெயில் இல்லாமல் கிழங்கு இலைதான் விடும்.

தொட்டி எட்டு முதல் பத்து அங்குல ஆழமுள்ள மண்தொட்டியாக இருக்கட்டும். சிமென்ட் தொட்டி காரத்தைக் கசியவிடும். தோட்ட மண், இலை மக்கு, பருமணல் மூன்றும் சம பங்கு. அடித்துளையை ஓட்டுச் சில்லால் மூடி, தொட்டியைத் தட்டில் வைக்காமல் இரண்டு செங்கல் மேல் தூக்கி வையுங்கள். பத்து அங்குலத் தொட்டியில் ஐந்து நர்கிஸ் வைக்கலாம்.

எத்தனை நாளுக்கு ஒரு தடவை தண்ணீர்?

நட்டதும் ஒரு தடவை நன்றாக. முளை தெரியும் வரை மண் மேலே காய்ந்தாலொழிய வேண்டாம். இலை வந்த பிறகு விரலை இரண்டு கணு ஆழம் விட்டுப் பார்த்து, காய்ந்திருந்தால் ஊற்றுங்கள். டிசம்பர், ஜனவரி மூடுபனியில் வாரம் ஒரு முறைகூட அதிகமாகலாம். காலையில் ஊற்றுங்கள், சாயங்காலம் வேண்டாம். மொட்டு வந்ததிலிருந்து மட்டும் காயவிடக் கூடாது.

எலி, அணில், குரங்கு, மயில்?

எலியும் அணிலும் கிளாடியோலஸைத் தோண்டும், நர்கிஸைத் தொடாது, அது அவற்றுக்கு விஷம். நட்ட இடத்தின்மேல் ஒரு அங்குலக் கண்ணுள்ள கம்பிவலையைப் படுக்க வைத்து, அரை அங்குலம் மண் போட்டு மூடிவிடுங்கள். முளை கண் வழியாக வந்துவிடும். தெற்கு தில்லியில் மயில் நடமாட்டம் உள்ள வளாகங்களில் இளந்தளிரைக் கொத்திவிடும், முள்கிளைகளை மேலே பரப்பி வைத்தால் கொஞ்சம் விலகும். குரங்கு வரும் இடத்தில் மொட்டைமாடித் தொட்டியைக் கூண்டு வலை இல்லாமல் காப்பாற்றுவது கடினம். அங்கே தரையில் நடுவதே மேல்.

வீட்டில் சின்னக் குழந்தை, நாய் இருக்கிறது. ஆபத்து உண்டா?

உண்டு. நர்கிஸ் கிழங்கு பார்ப்பதற்கு அச்சு அசல் வெங்காயம். தின்றால் வாந்தி, வயிற்றுப்போக்கு வரும். சமையலறைப் பக்கமே கொண்டுபோகாமல், பெயர் எழுதிய பையில் போட்டு, எட்டாத உயரத்தில் மாட்டுங்கள். ஃப்ரிட்ஜில் டியூலிப் வைப்பவர்கள் வீட்டு வேலைக்கு வருபவரிடமும் சொல்லி வையுங்கள், சாம்பாரில் விழுந்துவிடக் கூடாது. நட்ட முதல் வாரம் நாய் தோண்டாமல் பார்த்துக்கொள்ள வேண்டும்.

நிலச்சம்பங்கியும் செங்காந்தளும் இதோடு சேர்த்து நடலாமா?

இரண்டும் வேறு பருவம். நிலச்சம்பங்கி, இங்கே ரஜனிகந்தா, குளிர் போன பிறகு மாசி, பங்குனியில் நட வேண்டியது. கோடையிலும் மழையிலும் பூக்கும். செங்காந்தள் நம் மாநில மலர் என்பதால் நிறையப் பேர் ஆசைப்படுகிறார்கள். ஐப்பசியில் அது உறங்கப் போகும் நேரம், ஆனி, ஆடியில் மழை தொடங்கும்போது நடுங்கள். ஒன்று நினைவில் இருக்கட்டும். செங்காந்தள் முழுச்செடியும் கடும் விஷம், கிழங்கு உயிரையே எடுக்கும். குழந்தைகள் விளையாடும் இடத்தில் வேண்டவே வேண்டாம்.

அமரில்லிஸ் வைத்திருப்பவர்கள் ஐப்பசியில் அதற்குத் தண்ணீரைக் குறைத்துவிடுங்கள். ஜனவரி கடைசியில் கழுத்து வெளியே தெரியும்படி மாற்றி நட்டால் மார்ச், ஏப்ரலில் பூக்கும்.

உதிர்ந்த இலைகளைக் கொளுத்தி அந்தச் சாம்பலைப் போடலாமா?

கூடாது. தில்லியில் இலை, குப்பை எரிப்பதைத் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் 2015இல் தடை செய்தது, 5,000 ரூபாய் அபராதம். ஐப்பசி, கார்த்திகையில் இந்த ஊர்க் காற்று இருக்கும் நிலையில் சட்டமே இல்லாவிட்டாலும் செய்யக் கூடாத காரியம் அது. வேம்பும் அரசும் இங்கே மாசி, பங்குனியில்தான் இலையைக் கொட்டும். அப்போதே வாரி, ஒரு வலைக்கூட்டில் அடைத்து, மாதம் ஒரு முறை நனைத்துக் கிளறிவந்தால், ஆடி ஆவணி மழையும் சேர்ந்து ஐப்பசிக்குச் சரியாக இலை மக்கு தயாராகிவிடும். காசு கொடுத்து வாங்கும் எருவைவிட இது மேல்.

பூத்து முடிந்த பிறகு?

வாடிய பூத்தண்டை மட்டும் வெட்டுங்கள். இலையைத் தொடாதீர்கள். அடுத்த வருஷப் பூவுக்கான சாப்பாட்டை இலை இப்போதுதான் கிழங்குக்குள் அனுப்பிக்கொண்டிருக்கிறது, அதற்கு ஆறு வாரமாவது வேண்டும். தோட்டம் அலங்கோலமாக இருக்கிறது என்று மாலி பச்சை இலையை அரிந்துபோட்டுவிட்டால், அடுத்த மாசியில் பூ குறைவு, அல்லது பூவே இல்லை. இலை தானாக மஞ்சளாகும்போது தண்ணீரை நிறுத்துங்கள்.

ஏப்ரலில் தோண்டி எடுத்து, மண்ணைத் தட்டி, நிழலில் ஒரு வாரம் உலர்த்துங்கள். தரையிலேயே விட்டால் ஆடி மழையில் அழுகும். சேமிக்கும் விதம் எல்லாவற்றுக்கும் ஒன்றல்ல. ஃப்ரீசியாவுக்குத் தில்லியின் கோடைச்சூடு நல்லதே செய்கிறது, பத்து வாரத்துக்கு மேல் 30 டிகிரி அளவில் கிடந்தால்தான் அதன் உறக்கம் கலையும். கிளாடியோலஸ் நேர்மாறு. குளிர் பட்டால் ஒழுங்காக முளைக்கும் என்பதால் காகிதப் பையில் ஃப்ரிட்ஜின் கீழ்த்தட்டில் வையுங்கள். நர்கிஸும் ரனங்குலஸும் வலைப்பையில், காற்றோட்டமான அறையில் தொங்கட்டும். பிளாஸ்டிக் பையில் மட்டும் எதையும் கட்டி வைக்காதீர்கள்.

மாற்றல் வந்து ஊருக்குப் போகிறோம். கிழங்குகளை எடுத்துப் போகலாமா?

எந்த ஊர் என்பதைப் பொறுத்தது. ஊட்டி, கொடைக்கானல், ஏற்காடு என்றால் அத்தனையும் எடுத்துப் போங்கள், தில்லியைவிட நன்றாக வரும். சென்னை, மதுரை, திருச்சி என்றால் நிலச்சம்பங்கியும் அமரில்லிஸும் போதும். நர்கிஸ், ஃப்ரீசியா, ரனங்குலஸ் சமவெளிச் சூட்டில் பிழைக்காது, அவற்றை இங்கேயே யாருக்காவது கொடுத்துவிடுவது நல்லது. இலை பச்சையாக இருக்கும்போதே வீடு காலி செய்ய வேண்டியிருந்தால் தோண்டாமல் தொட்டியோடு கொடுங்கள். பூ நின்றுவிட்டது என்று தண்ணீரை நிறுத்திவிடாமல், இலை மஞ்சளாகும் வரை ஊற்றி, ஏப்ரல் கடைசியில் எடுத்து உலர்த்தச் சொல்லுங்கள்.